ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து வந்தவர்கள்

பத்தொன்பதாம் நாள் எங்கள் ஸ்டிரைக் உடைந்தது. செத்தவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களோடு நான் பேசுவதில்லை. வந்தார்கள். மேகப்பாறை எஸ்டேட்டில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். பேர் கூப்பிடாமல் பெரட்டைக் கலைக்கக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பதினெட்டு நாளாக ஆளில்லாத பெரட்டுக்களத்தில் நின்று எங்கள் பேர்களையெல்லாம் மூடுபனியைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன சூப்பர்வைசர் குரியன், பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு, ஆபீஸ் பரணிலிருந்து பழைய பேரேட்டை இறக்கிவந்து, கரையான் தின்ற பக்கங்களைத் தள்ளி, மிச்சமிருந்த பேர்களைக் கூப்பிட்டார். கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் ஒன்பதாம் நம்பர் காட்டுப் பக்கமிருந்து “இருக்கேன்” என்று ஒரு சத்தம் வந்தது, சத்தத்துக்குப் பின்னால் ஆள் வந்தது, ஆளின் முதுகில் கூடை வந்தது. ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரத்தில்தான் நாங்கள் புதைப்பது. குரியன் எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர். வரவு போட்டார். அவர் வேலை அது.

ஸ்டிரைக் எதற்கு என்றால் வீட்டுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாதக் கடைசிக்குள் வரிசையாய்க் கட்டிய லயன் வீட்டைக் காலிசெய்து மலையை விட்டு இறங்க வேண்டும் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. இறங்கி எங்கே போவது? எங்கள் தாத்தன்மார் ஏறிவந்த ஊர்களின் பேர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. எனக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்காரி ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தாள். நாங்கள் இறங்கினால் எங்களோடு எழுபது குடும்பம் இறங்கும். நான் சங்கச் செக்ரட்டரி. பேர் சுடலைமுத்து.

கோயம்புத்தூரிலிருந்து தோழர்கள் வந்து வகுப்பெடுப்பார்கள், புத்தகம் கொடுப்பார்கள், நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். அதிகாரம் மேலே இருப்பதாக நினைப்பது தப்பு, அது கீழே குனிந்திருக்கும் முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது, முதுகு நிமிர்ந்தால் அது விழும் என்பது என் கொள்கை. அதற்குத்தான் பதினெட்டு நாள் நிமிர்ந்து நின்றோம், அரிசி தீர்ந்தபின் மரவள்ளி, மரவள்ளி தீர்ந்தபின் காட்டுக்கீரை என்று தின்றுகொண்டு நிமிர்ந்து நின்றோம். ஆனால் நிமிரத் தெரியாத முதுகு நூற்றுப் பன்னிரண்டு வந்து குனிந்தால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அவர்கள் டீக்கு நிற்கவில்லை, மழைக்கு ஒதுங்கவில்லை, அட்டை அவர்கள் காலில் ஏறவில்லை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கிள்ளிக்கொண்டே போனார்கள். பதினெட்டு நாளாகப் பேசாதிருந்த ஃபேக்டரி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது.

முதல் நாள் பயந்தோம். இரண்டாம் நாள் அடையாளம் பார்த்தோம். மூன்றாம் நாளுக்குள் எல்லாம் பழகிவிட்டது. மாதா கோயில் ஃபாதரும் முனியாண்டி கோயில் பூசாரியும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, வந்தவர்களுக்குத் திரும்பவும் கருமாதி செய்யத் தேவையில்லை என்று முடிவு சொன்னார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஆளுக்கு நான்கு வெள்ளை மாத்திரை கொடுத்தார். வேலை முடிந்ததும் அவர்கள் தங்கள் தங்கள் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கும். அந்தக் குடும்பம் ஒரு பலகையை எடுத்து வெளியே போடும். செத்தவர்கள் அதில் கொஞ்சநேரம் உட்கார்ந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து ஒன்பதாம் நம்பருக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் பலகை போட மறந்துபோன சின்னப்பன் வீட்டை எல்லா லயனும் சேர்ந்து ஏசியது.

அதிலும் மூக்கம்மாள் புருசன் வேலு. உயிரோடிருந்த காலத்தில் வாரத்தில் நான்கு நாள் சாராயக்கடையில் கிடந்தவன், இப்போது பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றான். மூக்கம்மாள் காட்டுக்கே போய் அவன் பின்னால் வரிசை வரிசையாக நடந்துகொண்டே ஏசினாள்.

“ஏய்யா, உசுரோட இருந்தப்ப உன்னை எழுப்பி விடுறதுக்குள்ள எனக்கு உசுரு போவும். இப்ப ஒனக்கு என்ன சுறுசுறுப்பு? இந்தக் கையி அன்னிக்கு எங்கய்யா போச்சு?”

வேலு அவள் ஏசுவதைக் கேட்க வசதியாகக் கொஞ்சம் மெதுவாகக் கிள்ளினான்.

டிராக்டர் டிரைவர் ஜெபராஜ் மட்டும் பழகவில்லை. அவன் செல்போனில் வெளிநாட்டுப் படம் பார்க்கிறவன். “தலைவரே, இது ஜாம்பி. நான் இருவது படம் பாத்திருக்கேன். ஒரு கடி வாங்குனா போதும், நாமளும் அப்புடித்தான். இப்பவே கெளம்பிரணும்” என்றான். நான் அவனைத் துரத்தினேன். அப்போது என் கண் முழுக்க வேறொருவன்மேல் இருந்தது.

லூர்துராஜும் வந்திருந்தான்.

லூர்துராஜைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த வருடம்தான் அவனும் சங்கத்தில் சேர்ந்தான். முப்பது வருடம் நான் ஒன்று சொன்னால் அவன் ஒன்று சொல்வான். நான் நிமிர் என்றால் அவன், “நிமிராத, குனிஞ்சுக்கிட்டே இரு, ஆனா மெதுவாக் கிள்ளு, முத்துன எலையைச் சேத்துக் கிள்ளு, தொரைக்கு என்ன நடக்குதுன்னே தெரியக்கூடாது” என்பான். நான் மேடையில் பேசுவேன், அவன் குழாயடியில் பேசுவான். மேடைக்கு முன்னால் இருபது பேர் இருப்பார்கள், குழாயடியில் இருநூறு பேர் இருப்பார்கள். தேர்தலில் நான்தான் ஜெயிப்பேன், ஏனென்றால் அவன் நிற்கவே மாட்டான். என்னைத் தலைவரே என்பார்கள், அவனை அண்ணே என்பார்கள். தலைவர் என்பது நாற்காலிக்கு. அண்ணன் என்பது ஆளுக்கு. இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் ராத்திரி பகலாகக் குத்தும். அவன் செத்ததுகூட ஒழுங்காகச் சாகவில்லை. காட்டுமாட்டின் முன்னால் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தள்ளிவிட்டு முட்டு வாங்கிச் செத்தான். ஏழு எஸ்டேட் கடை அடைத்தது. சர்க்கரை ஏறிச் சாகப்போகிற எனக்கு யார் கடை அடைப்பார்கள் என்று நான் அன்றைக்கே நினைத்தேன்.

அப்படிச் செத்தவன் ஆறு வருடம் கழித்து வந்து கருங்காலி வேலை பார்க்கிறான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. இப்போதாவது அவனைத் தெரிந்துகொள்வார்கள் என்று கூட்டம் போட்டேன்.

ஃபேக்டரி வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை, உயிரோடிருப்பவர்கள் ஒரு பக்கம், வேலை இல்லாத நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் வந்து நின்ற செத்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் நான். இரண்டு மணி நேரம் பேசினேன். உழைப்பை நிறுத்துவது, ஒத்துழைக்க மறுப்பது, இடத்தையே காலிசெய்து வெளியேறுவது என்று மூன்று வழிகளையும் பிரித்துப் பிரித்து விளக்கினேன். செத்தவனானாலும் ஸ்டிரைக்கில் வேலை செய்தால் கருங்காலிதான் என்று கையை ஓங்கி முடித்தேன். கைதட்டு இல்லை.

“லூர்து அண்ணே என்ன சொல்லுது?” என்றது ஒரு குரல்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கூடையோடு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, அவன் தலையில் விழுந்த மழை அவன் கண் வழியாக இறங்கியது. அவ்வளவுதான். அதற்குப் பெண்கள் அழுதார்கள், ஆம்பளைகள் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்கள், “பாத்தியா, அண்ணன் சொல்லாமலே சொல்லிருச்சு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்ன சொன்னான் என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவன் நான். வாயே திறக்காமல் கூட்டத்தை முடித்துக்கொண்டு போனவன் அவன்.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு மணி நேரம் பேசுனீங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களா?”

“யாருகிட்ட?”

“செத்தவங்ககிட்ட.”

“கருங்காலிகளோட எனக்கென்ன பேச்சு?”

“ஸ்டிரைக்குன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா?”

“வாயை மூடிக்கிட்டு கீரையை ஆயி.”

ஆனால் அவள் கேட்டது எனக்கு முன்பே தெரியும். செத்தவர்கள் வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டிரைக்குக்கும் வெற்றிலை வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே செக்ரட்டரி தட்டோடு வீடு வீடாகப் போய், இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்து, தலையைக் குனிந்து, “நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்” என்று சொல்ல வேண்டும். வெற்றிலை வைக்காத வீடு மறுநாள் வேலைக்குப் போகும்; அதை யாரும் கேட்க முடியாது, மதிக்காதவன் வீட்டு விசேஷத்துக்கு எவன் வருவான்? இருபது வருடத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் லயனை மறந்துவிட்டு, அந்த ஒரு லயனால் ஒரு ஸ்டிரைக்கே படுத்திருக்கிறது. உயிரோடிருந்தவர்கள் வீட்டில் ஒன்று விடாமல் வைத்தேன். ஒன்பதாம் நம்பர் காட்டில் வைக்கவில்லை. எவனுக்குத் தோன்றும்? தோன்றியபோது வைத்திருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டு இருநூறு அடி நடந்தால் போதும்.

ஆனால் வரிசையில் முதல் ஆள் லூர்துராஜ். அவன் கையில் வெற்றிலையை வைத்து, அவனுக்கு முன்னால் குனிந்து, அவனைப் பார்த்து, நீதான் வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். எழுபது குடும்பத்து வீடு ஒரு பக்கம், இந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கம். எனக்கு வாக்கியம்தான் கனமாக இருந்தது. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது.

அதனால் மூன்றாவது வழியைப் பிடித்தேன். வெளியேறுவோம் என்றேன். நம் கைக்குப் பதில் கை கிடைத்துவிட்டது, நம் வாய்க்குப் பதில் வாய் கிடைக்குமா? மலையையே ஆளில்லாமல் விட்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போய்க் கலெக்டர் வரும்வரை ரோட்டில் உட்காருவோம் என்றேன். ஜெபராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன்தான் நடைக்குத் தளபதி. வயசானவர்களை நடுவில் விட்டான், வாலிபர்களை முன்னும் பின்னும் விட்டான், தண்ணீரைக் குடம் குடமாகப் பிரித்தான், சத்தம் போடாதே, கூட்டத்தைப் பிரியாதே, திரும்பிப் பார்க்காதே, கடிபட்டவர் தாயானாலும் விட்டுவிட்டுப் போ என்று படத்தில் படித்த பாடத்தையெல்லாம் சொன்னான்.

“யாரு கடிக்கப்போறது?” என்றாள் மூக்கம்மாள்.

“ஒம் புருசன்தான் அத்தை.”

“எம் புருசன் முப்பது வருசம் எங்கூடப் படுத்தான். ஒரு கடி கடிச்சதில்ல. செத்த பெறவா பல்லு முளைக்கப்போவுது? போடா பொசகெட்ட பயலே.”

பானை சட்டியும் பாயும் கோழியும் தூக்கிக்கொண்டு, மேலே நாற்பதாம் வளைவில் அறுநூறு பேராக இறங்க ஆரம்பித்தோம், வரையாடு நின்று பார்த்தது, லாரிக்காரன் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தான், எங்கள் பின்னால் ஒருவரும் துரத்தி வரவில்லை. அதுதான் வினை. துரத்தினால் ஓடலாம். துரத்தாதவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியும்? முப்பத்தாறாம் வளைவில் சின்னப்பன், வாசலில் பலகை போட ஆளில்லையே, பெரியவர் வந்து நிற்பாரே என்று திரும்பினான். முப்பத்தோராம் வளைவில் மூக்கம்மாள் குடத்தை இறக்கிவைத்து, “அந்த ஆளை ஏசாம எனக்குச் சோறு எறங்காது” என்று ஏறிவிட்டாள். அவள் பின்னால் நாற்பது பேர். வளைவுக்கு வளைவு ஆள் உதிர்ந்தது, அம்மாவுக்காக ஒருத்தி, குறைமாசத்தில் போன பிள்ளையின் மண்மேட்டுக்காக ஒருத்தி, அதைவிட, லூர்து அண்ணன் ஏதோ சொல்லப்போகிறது, நாம் இல்லாதபோது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கூட்டம் கூட்டமாக. இருபத்திரண்டாம் வளைவில்தான் பார்த்தேன், வீட்டுக்காரியைக் காணவில்லை. நாற்பதாம் வளைவிலேயே திரும்பிவிட்டாள் என்றார்கள்.

ஒன்பதாம் வளைவில் நானும் ஜெபராஜும் மட்டும் நின்றோம். கீழே அணைத் தண்ணீர் தகரம்போலக் கிடந்தது.

“தலைவரே, எல்லாப் படத்துலயும் கடைசில ரெண்டு பேருதான் மிஞ்சுவாங்க” என்றான்.

“அதுக்கு?”

“அதுல ஒருத்தன் செத்துருவான். வயசுல பெரியவன்தான்.”

சொல்லிவிட்டு மேலே போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான். நானும் ஏறினேன். பின் சீட்டில், அவன் முகத்தைப் பார்க்காமல்.

எஸ்டேட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. நான்காம் நம்பர் காட்டில் செத்தவர்கள் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி அங்கே இருந்தாள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. லூர்துராஜுக்கு முன்னால் நின்றிருந்தாள். நான் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அறுபது வயதுக்காரன் ஒளிந்துநின்று பார்ப்பது அசிங்கம் என்று தெரியும். பார்த்தேன்.

அவள் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து அவன் கையில் வைத்தாள். குனிந்தாள்.

“அண்ணே, முன்னமே வந்து சொல்லியிருக்கணும். தப்புதான். நம்ம வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்லுறான். அதுக்குத்தான் ஸ்டிரைக்கு. நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்.”

வந்த நாளிலிருந்து பெரட்டுக்களத்தில் “இருக்கேன்” என்பதைத் தவிர ஒன்றும் பேசாதவன் வெற்றிலையைப் பார்த்தான். காம்பைக் கிள்ளினான். பிறகு கேட்டான்.

“சுடலை வரலையா?”

“அவருக்குக் கால் வலிண்ணே. எந்திரிக்க முடியல. என்னைத்தான் அனுப்பிவிட்டாரு.”

“அவன் வந்து கூப்புடுவான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றான் லூர்துராஜ். “அவன் கூப்புடாம நான் எப்புடி நிறுத்துறது? செக்ரட்டரி அவன்தானே.”

கூடையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு அடுத்த வரிசைக்குப் போகிற அவசரம். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வைக்க வேண்டும். பாதியில் வெற்றிலை தீர்ந்து ஒன்றைக் கிழித்து இரண்டாக வைத்தாள், அதுவும் தீர்ந்தபின் தேயிலைக் கொழுந்தையே வைத்தாள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கைப்பிள்ளையாகச் செத்துப் பேரேட்டில் ஏறாதவர்களுக்கும் மண்மேட்டில் ஒவ்வொரு கொழுந்து வைத்தாள். ஒவ்வொருவருக்கும் முன்னால் குனிந்தாள். அவள் இடுப்பு நாற்பது வருடக் கூடையில் போன இடுப்பு. நான் மரத்துக்குப் பின்னாலேயே நின்றேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு காலும் அட்டை.

மறுநாள் குரியன் பேர் கூப்பிட்டார். உயிரோடிருந்தவர்களும் வரவில்லை, செத்தவர்களும் வரவில்லை. செத்தவர்கள் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றால் அதுதான் உட்காருவது. எங்கள் ஸ்டிரைக்கையெல்லாம் எப்போதும் உடைத்தது பசிதான்; பசிக்காதவர்கள் உட்கார்ந்தபின் கம்பெனி எதை வைத்து உடைக்கும்? நாங்கள் முறை வைத்து வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்தோம், அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பேரும் வயதும் கேட்டார், இறந்த தேதியையும் சேர்த்துச் சொன்னார்கள், பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் துரை காரில் வெளியே போகப் பார்த்தார்; அவர் தாத்தா துரை காலத்தில் செத்த கிழவி ஒருத்தி எழுந்து சலாம் போட்டாள்; காரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் மூன்று நாள் வெளியே வரவில்லை. மாதக் கடைசியன்று கம்பெனி நோட்டீஸைக் கிழித்தது. ஓய்வு பெற்றவர்களும் சாகும்வரை வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவர்கள் எழுந்து, சேலையையும் வேட்டியையும் தட்டிக்கொண்டு, ஒன்பதாம் நம்பருக்கு வரிசையாக நடந்தார்கள். மூக்கம்மாள் மண்மேடுவரை கூடவே போய் ஏசி வழியனுப்பினாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து என்னுடையது. எனக்கு மாலை போட்டார்கள். வீட்டுக்காரி கால்வலித் தைலத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். மரத்துக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. லூர்துராஜ்மேல் இருந்த பொறாமை அந்தத் தைலத்தோடு இடம் மாறியது. அவன் பேசாமல் ஜெயித்தான். இவள் ஜெயித்ததையே பேசவில்லை. இதை நான் எப்படித் தாண்டுவது?

பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது சங்க ஆபீஸ் முன்னால் கல் நடப்போகிறார்கள். பாதிப் பேர் லூர்துராஜ் பேர் போடச் சொல்கிறார்கள், பாதிப் பேர் என் பேர் போடச் சொல்கிறார்கள், கோயம்புத்தூர்த் தோழர்கள் இரண்டு பேரையும் போடலாம் என்று சமாதானம் எழுதியிருக்கிறார்கள். கல் தச்சன் உளியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து இரண்டு டீ குடித்துவிட்டான். யார் பேர் என்று என்னைக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

லூர்துராஜ் பேர் இல்லை. என் பேரும் இல்லை. அவன் பேரைப் பெரிதாக வெட்டினாலும் பொறுத்துக்கொள்வேன், இவள் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும். வெட்டச் சொல்லுங்கள்:

ஆவுடையம்மாள்.